இரண்டாம் சரணத்தில் ஒன்றரை நொடி

"ஒரே தடவதான் போடுவேன்" என்று சொல்லிவிட்டு, குரோசாகி முள்ளை இசைத்தட்டின் மேல் இறக்கினார்.

மாதிரித் தட்டின் பூச்சு மெல்லியது. ஒவ்வொரு முறை ஓடும்போதும் பாடியவரின் குரல் சிறிது தேய்ந்துபோகும்.

டோக்கியோவில், ஜிம்போச்சோவின் பழைய புத்தகக் கடைகளுக்கு நடுவே இருந்த அந்த இசைத்தட்டுக் கடையில் அப்போது மூவர் மட்டுமே இருந்தனர். கடைக்காரர் குரோசாகி. தட்டைக் கொண்டுவந்த நிஷிவாக்கி. சென்ற மாதம் தாயை இழந்தவர். மூன்றாமவர், தட்டில் இருந்த பாட்டினால் புகழ்பெற்ற பாடகி தோமோயோ. அவருக்கு வயது எழுபத்தொன்பது.

தட்டின் நடுவில் ஒட்டியிருந்த தாளில் பாட்டின் பெயரும், 1967 அக்டோபர் என்ற தேதியும் இருந்தன. பாடியவரின் பெயர் இல்லை.

நிஷிவாக்கியின் தாய் அதைத் துணியில் சுற்றி, குளிர்கால உடைகளுக்கு அடியில் வைத்திருந்தார்.

பியானோவின் பின்னே ஒரு பெண்குரல் எழுந்தது.

"உங்க குரலேதான், தோமோயோ சான். சந்தேகமே இல்ல" என்றார் குரோசாகி. "இவரு என்னடான்னா, எங்கம்மாவா இருக்குமோங்கறாரு. இந்தக் கடைக்கு வர்ற தட்டுல பாதி, யாரோட அம்மாவாவது பாடினதுதான்!"

நிஷிவாக்கி சிரிக்க முயன்றார்.

"அம்மா வீட்டுல பாடி நான் கேட்டதே இல்லீங்க. குளிக்கும்போதுகூட முணுமுணுக்க மாட்டாங்க. அவங்க பாடினா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்."

இரண்டாம் சரணம் வந்தது.

மூன்றாவது அடியின் நடுவில் குரல் நின்றது. ஒன்றரை நொடி பியானோ மட்டும் தனியாக நடந்தது. பிறகு, எதுவும் நடவாததைப்போலக் குரல் வந்து சேர்ந்துகொண்டது.

குரோசாகி தொடையில் தட்டினார். "இந்த இடம்! இத வேற யாரால பாட முடியும்?"

அந்த ஒன்றரை நொடிக்காகத்தான் தோமோயோவுக்கு அவ்வாண்டின் விருது கிடைத்தது. போரிலிருந்து திரும்பாத தந்தையை நினைத்தபோது தொண்டை தானாக அடைத்துக்கொண்டது என்று அவர் நேர்காணல்களில் சொல்லிவந்தார்.

முதன்முறை அவ்வாறு சொன்னபோது கேட்டவரின் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டாம் முறை பார்த்தே சொன்னார்.

அக்காலத்தில் நட்சத்திரப் பாடகர்கள் இசைக்குறிப்பைப் பார்த்துப் பாட்டுக் கற்பதில்லை. அவர்கள் கேட்டுக் கற்பதற்கான பாட்டை, அதாவது டிராக்கை, மாதிரித் தட்டில் பாடித்தர ஒருவர் வருவார். உணர்ச்சி கலவாமல் பாடிவிட்டுப் போவார். அவர் பெயரை எழுதும் வழக்கமில்லை. தட்டில் உள்ளபடியே பாடு, கூட்டாதே, குறைக்காதே என்பதே தோமோயோவுக்கு இடப்பட்ட கட்டளை.

அவர் எதையும் குறைக்கவில்லை. பிழையையும்கூட.

அது பிழை என்பதை அவர் அறிவார். டிராக் பதிவான சிறிய அறையில் ஒலிநாடா கிடையாது. பாடப் பாடவே தட்டில் கீறல் விழும். விழுந்ததை அழிக்க இயலாது. அன்று தோமோயோ கண்ணாடிக்கு இப்பால் நின்று, பாடுபவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இசையமைப்பாளர் அந்தத் தட்டைக் கேட்கவில்லை. பெரிய ஒலிப்பதிவு நாளன்று தோமோயோ அதே இடத்தில் நிறுத்தியபோது, அவர் எழுந்து நின்று கைதட்டினார்.

அப்போது சொல்லியிருக்கலாம்.

சொல்வதற்குப் பதிலாக, கம்பெனியில் வேறு யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக, தோமோயோ மாதிரித் தட்டை டிராக் பாடிய பெண்ணிடமே கொடுத்தார். அந்தப் பெண் அதைப் பரிசு என்று எண்ணி, இரு கைகளாலும் வாங்கி, தலை தாழ்த்தினார்.

பாட்டு முடிந்தது. குரோசாகி முள்ளை உயர்த்தினார்.

"இது நான் இல்ல" என்றார் தோமோயோ. "உங்கம்மாதான். கினுயோ சான்."

நிஷிவாக்கி எழுந்து, இடுப்புவரை குனிந்து வணங்கினார். நிமிர அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

குரோசாகியின் முகம் சுருங்கியது. "அப்ப அந்த நிறுத்தம்? அதுவும் அவங்களோடதா?"

இந்தக் கேள்வியைக் கடந்த ஐம்பத்தேழு ஆண்டுகளில் யாரும் தோமோயோவிடம் கேட்டதில்லை. யாராவது கேட்டால் சொல்லிவிடுவோம் என்றே அவர் தம்மைப் பற்றி நம்பியிருந்தார்.

"அப்படிப் பாடச் சொன்னது நான்."

"அதானே பாத்தேன்!" என்றார் குரோசாகி. அவருக்கு மூச்சு வந்தது.

நிஷிவாக்கிக்கு அதுவும் பெருமையாகவே இருந்தது. "நீங்க சொல்லிக்கொடுத்து அம்மா பாடியிருக்காங்க" என்று கண்களைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த ஏப்ரல்ல நான் பொறந்துட்டேன். அதுக்கப்புறம் அவங்கள யாரும் பாடக் கூப்பிடலையாம். அன்னைக்கு அம்மா ஏதாவது பேசினாங்களாங்க? என்னவா இருந்தாலும் சரி."

அன்று டிராக் பாடி முடித்ததும், கைகழுவும் தொட்டியின் மேல் குனிந்து கினுயோ வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். தோமோயோ அவர் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பாட்டுக்கு நடுவுல கொமட்டிடுச்சு. உங்க பாட்டக் கெடுத்துட்டேன், மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு, கினுயோ ஈரக்கையை வயிற்றின் மேல் வைத்துச் சிரித்தார். "மூணு மாசம். இன்னும் வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லல. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்."

"ஞாபகம் இல்லையே" என்றார் தோமோயோ.