நாய்ங்களையே கேப்போம்

மறைக்காம சொல்லுங்கப்பா. உங்கள்ல எத்தன பேரு நாய் வளக்கறீங்க? எத்தன பேரு நாய்க்கு ஆள் வச்சு வளக்கறீங்க?

ரெண்டாவது கோஷ்டி வெக்கப்படாதீங்க. அந்த ஆளே நான்தான். படிப்ப பாதியில விட்டவனுக்கு நாய்தான் சோறு போடுது. காலையில ஆறு நாய், சாயந்திரம் அதே ஆறு. நான் கூட்டிட்டுப் போறேன்னு பேரு, அதுங்கதான் என்னை இழுத்துட்டுப் போகும். ஏரியாவுல எனக்கு 'ஆறு கயிறு'ன்னே பட்டம்.

நாய்ங்க கயிறில்லாம ஓடி வெளையாட ஒரு பார்க் கட்டித் தரேன்னாரு கவுன்சிலர். எடத்த மட்டும் நீங்களே கூடிப் பேசி முடிவு பண்ணுங்கன்னாரு. அங்க ஆரம்பிச்சுது கூத்து.

லைப்ரரி ஹால்ல கூட்டம்.

"இந்த லைப்ரரிக்குப் பின்னாடியே காலியா கெடக்கே?"ன்னாரு கவுன்சிலர்.

பேங்க் மேனேஜர் பதறி எந்திரிச்சாரு. "படிக்கற புள்ளைங்களுக்குத் தொந்தரவு சார்!"

இங்க வர்ற ஒரே புள்ள, ஃபேனுக்குக் கீழ தூங்க வர்ற பக்கத்து பில்டிங் வாட்ச்மேன். மேனேஜர் வீடு அந்தக் காலி எடத்துக்கு நேர் எதிர்ல.

"சரி, தண்ணித் தொட்டி பக்கம்?"

"சுகாதாரம்னு ஒண்ணு இருக்குல்ல சார்?"ன்னாரு பல் டாக்டர். அவரு பால்கனி எந்தப் பக்கம் பாக்குதுன்னு நான் வேற சொல்லணுமா? அவரு நாய் தெனம் அந்தத் தொட்டித் தூணத்தான் குளிப்பாட்டுது. சுகாதாரமாம்.

எல்லாருக்கும் பார்க் வேணும். அடுத்தவன் ஜன்னலுக்குக் கீழ வேணும்.

கடைசி வரிசையில தையல் கடை அக்கா. "எங்க வச்சாலும் சரிங்க. சீக்கிரம் வைங்க. நான் வண்டி புடிச்சாவது வந்து ஓரமா உக்காந்துக்கறேன். அது ஓடிட்டு வந்தா வாய மூடிட்டுத் தூங்கும்."

அது அவங்க நாய், பேரு பட்டன். ஒரே ரூம் வீடு. அக்காவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதுலேர்ந்து நடக்க முடியல, என்னை மாதிரி ஆள் வைக்க வசதியும் இல்ல. பட்டன் நாளெல்லாம் உள்ளயே கெடந்து ஊளை விடுது. வீட்டு ஓனர் கறாரா சொல்லிட்டாரு. ஒண்ணு ஊளை நிக்கணும், இல்ல நாய் போகணும்.

"பாவம்"னாங்க எல்லாரும். சொல்லிட்டு செல்ஃபோனப் பாத்தாங்க.

மிச்சம் இருந்தது பழைய பஸ் ஷெட் மைதானம். பக்கத்துல எவன் வீடும் இல்ல, அதனால எதிர்க்கவும் ஆள் இல்ல. ரிட்டயர்டு இன்ஜினியருக்கு அது பொறுக்கல.

"இருங்க இருங்க. மனுசன் முடிவு பண்ணா தப்பாப் போகும். நாய்ங்களையே கேப்போம். அவுத்து விடுவோம். எடம் புடிச்சா ஓடும், புடிக்கலன்னா ஓடாது."

ஒரே கைதட்டல். இத்தன படிச்சவங்க கூடிப் பேசி, கடைசியில பொறுப்ப நாய் தலையில கட்டுனாங்க.

ஞாயித்துக்கிழம காலையில எல்லாரும் மைதானத்துல ஆஜர். என் ஆறும் வந்துச்சு. அக்கா ஒரு கையில ஊன்றுகோல், ஒரு கையில பட்டனோட வந்து எறங்குனாங்க.

"அவுத்து விடுப்பா"ன்னாரு கவுன்சிலர்.

விட்டேன். ஆறுல ஒண்ணு கூட ஓடல. என்னைச் சுத்தி வட்டமா உக்காந்துச்சுங்க, பரீட்சைக்கு வந்த மாதிரி.

பட்டன் மட்டும் பிச்சுக்கிட்டு ஓடுச்சு. காது ரெண்டும் பின்னால பறக்க, மைதானத்த முழுசா ஒரு சுத்து.

"ஓடுது சார்! பாருங்க, ஓடுது!" அக்கா ஊன்றுகோலத் தூக்கிக் காட்டுறாங்க. சிரிப்பும் வருது, கண்ணுல தண்ணியும் வருது.

அடுத்த சுத்துல பட்டன் என் பக்கமா வந்துச்சு. சட்டுன்னு நின்னுச்சு. மூக்கத் தூக்குச்சு. அதுவும் வந்து வட்டத்துல உக்காந்துருச்சு.

"பட்டன்! டேய், ஓடுடா!"

அசையல.

"பாத்தீங்களா?" இன்ஜினியர் மொகத்துல அப்படி ஒரு வெளிச்சம். "மண்ணுக்குள்ள என்னமோ இருக்கு. நமக்குத் தெரியாது, வாயில்லா ஜீவனுக்குத் தெரியும்."

"ஆமா ஆமா, என் நாய் இப்படி உக்காந்ததே இல்ல"ன்னாரு பல் டாக்டர். உக்காருமா, நிக்குமான்னு அவரு எந்த ஜென்மத்துல பாத்தாரு?

"அப்ப பொறவு பாத்துக்கலாம்"னு கவுன்சிலர் கார்ல ஏறிட்டாரு. அதோட பார்க் மூட்டை கட்டியாச்சு.

அடுத்த வாரம் பட்டன ஒரு வெளியூர்க்காரருக்குக் குடுத்தாங்க. அக்காவால அன்னிக்குப் படி எறங்க முடியல. நான்தான் கயித்தப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி வண்டியில ஏத்தி விட்டேன். சந்தோஷமா வந்துச்சு, லூசு. வாக்கிங்னு நெனச்சிருக்கும்.

வெறுங்கயிறோட திரும்பி வந்தேன். அக்கா அத வாங்கி மடியில வச்சுக்கிட்டு கேட்டாங்க.

"ஏன் தம்பி, நீ நாயோடயே கெடக்கறவன். அந்த எடத்துல அப்படி என்னதான் இருந்துச்சு?"

"தெரியலக்கா."

எடத்துல ஒரு மண்ணும் இல்லீங்க. பார்க் வந்துட்டா அந்த ஆறு வீட்டுல எவன் என்னைக் கூப்புடுவான்? என் பேன்ட் பாக்கெட் ரெண்டுலயும் அவிச்ச ஈரல் இருந்துச்சு.