அடியில் இருந்த பெயர்

கோத்தகிரி பங்களாவில் முப்பது வருடம் பட்லராக இருந்த தேவசகாயத்துக்குத் துரைசானி சாகும்போது தன் வெள்ளி டீ பாட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். இருநூறு வருடத்துக்கு முன் லண்டனில் ஒரு விதவை தன் பட்டறையில் செய்தது என்பாள். மனைவியின் ஆபரேஷனுக்கு அதை விட்டால் அவருக்கு வேறு வழியில்லை.

பழம்பொருள் கடைக்காரர் அதைக் கவிழ்த்து லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

“செஞ்சவங்க முத்திரை இருந்தாத்தான் மதிப்பு. எவனோ தேய்ச்சுத் தேய்ச்சே அழிச்சிருக்கான். இனி உருக்கத்தான் ஆகும்.”

தினமும் காலையில் அடிப்பக்கத்தைக்கூட விடாமல் தேய்த்துத் துடைத்தது தேவசகாயம்தான்.

“என்ன பெரியவரே, உருக்கிடட்டுமா?”

அவர் டீ பாட்டைக் கையில் வாங்கினார். கடைக்காரரின் விரல் ரேகை அதில் பதிந்திருந்தது. கை தானாகத் துண்டை எடுத்துத் துடைக்கப்போய், அப்படியே நின்றது.