மாலை போட்ட படம்

“நான் வரலை தங்கச்சி. வேற ஆளைப் பாரு.”

லோரிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்த பாஸ்கல், தலையைக்கூட வெளியே நீட்டவில்லை.

எல்ஸிக்குச் சுருக்கென்றது. ஈப்போவிலிருந்து பஸ் பிடித்து சுங்கை சிப்புட் வரை வந்து, வெயிலில் நின்று கெஞ்சிக்கொண்டிருக்கிறாள்.

“அண்ணே, டி.வி.யில உங்க கூட்டாளிக்குப் பாராட்டு. அவருக்கே தெரியாது. வேற ரெக்கார்டிங்னு பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போறோம். திரை விலகினா நீங்க நிப்பீங்க. மனுஷன் அசந்து போயிடுவாரு லா.”

“அவன்தான் பெரிய பாடகனாச்சே, புகழ்றதுக்கு ஆளா இல்லை? என் மக கல்யாணத்துக்கு வர நேரமில்லாதவன் மேடையில எனக்கென்ன வேலை?”

எல்ஸியின் புருஷன் டொமினிக்கும் பாஸ்கலும் எஸ்டேட்டில் ஒரே லயத்து வீடுகளில் வளர்ந்தவர்கள். மேடையில் ஜோடியாகப் பாடியவர்கள். பிறகு டொமினிக்குக்கு ரேடியோ கிடைத்தது, இசைத்தட்டு வந்தது, கேசட் வந்தது, நாடெல்லாம் பெயரானது. பாஸ்கல் லோரி ஓட்டப் போனார். அதுவரைகூட ஒரு கசப்பும் இல்லை. பாஸ்கல் மகளின் கல்யாணத்தன்று, சிங்கப்பூரில் கச்சேரி என்று டொமினிக் போய்விட்டார் பாருங்கள், அன்றோடு பேச்சு நின்றது. ஆறு வருஷமாயிற்று.

“எல்லாம் பொறாமை, வேற என்ன?” என்று முணுமுணுத்தபடி எல்ஸி பஸ் ஏறினாள். புருஷனுக்காக அவள் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

கோலாலம்பூரில் எல்லாம் ஜோராகவே நடந்தது. கிறிஸ்துமஸ் பாட்டுப் பாட வந்திருப்பதாக நம்பிக்கொண்டிருந்த டொமினிக், திடீரென்று விளக்கெல்லாம் எரிந்து, ஆளுயரத்துக்குத் தன் படம் நிற்பதைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார்.

படத்துக்குப் பெரிய ரோஜா மாலை. உயிரோடிருக்கிற மனுஷன் படத்துக்கு யாராவது மாலை போடுவார்களா? மேடை அலங்காரம் செய்த சீனருக்கு நம் வழக்கம் எங்கே தெரியும், பாவம். அதற்குள் கேமரா ஓடத் தொடங்கிவிட்டதால் எல்ஸி வாயை மூடிக்கொண்டாள்.

திரைக்குப் பின்னாலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் “மலேசியாவின் குயில்” என்றார். இன்னொருவர் “இசைச் சக்கரவர்த்தி” என்றார். சங்கத் தலைவர் சதாசிவம், எழுதி வந்ததை ஒரு வரி விடாமல் வாசித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள், கேமரா எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத் துடைத்துக்கொண்டார்கள்.

டொமினிக் எல்லாருக்கும் கும்பிடு போட்டார், சிரித்தார். ஆனால் திரை அசையும்போதெல்லாம் அவர் எட்டி எட்டிப் பார்த்ததை எல்ஸி கவனித்தாள்.

திரும்பும்போது காரில் கேட்டார். “பாஸ்கலைக் கூப்பிடலையா?”

“கூப்பிட்டேன். முடியாதுன்னுட்டாரு. உங்க மேல பொறாமைங்க அவருக்கு. இனிமே அந்த மனுஷனை மறந்துடுங்க.”

டொமினிக் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நிகழ்ச்சி ஒரு சனிக்கிழமை மாலை டி.வி.யில் வந்தது. அன்று பேராக் மாநிலம் முழுக்க அடைமழை.

மறுநாள் காலை, இருவரும் ஞாயிறு பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் லோரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எல்ஸி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். லோரி நிறைய மடக்கு நாற்காலி, கூடாரத் துணி, ஒரு பெரிய அண்டா. கையில் மலர் வளையத்தோடு பாஸ்கல் இறங்கினார்.

கேட்டைப் பிடித்ததுதான் தாமதம், மனிதர் ஓவென்று கதறினார்.

“மச்சான்! பாராட்டு விழான்னு தங்கச்சி சொல்லிச்சேடா! அதுக்குள்ள உன் படத்துக்கு மாலை போட்டுட்டானுங்களே! சாப்பாட்டுக் கடை டி.வி.யில, மழைச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கலை. மாலையைப் பார்த்ததும் எந்திரிச்சு ஓடியாந்துட்டேன்டா!”

“ஐயையோ, நீங்க செத்துட்டீங்கன்னு நெனச்சிட்டாருங்க!” என்றாள் எல்ஸி.

டொமினிக் கதவோரம் வந்து நின்றார். வெளியே அழுகை நிற்கவில்லை.

“கோவத்துலயா வரலேன்னு நெனச்ச? உன்னைப் பார்த்தா நாலு பேரு முன்னாடி அழுதிடுவேன்னு பயம்டா எனக்கு! உன் பாட்டு ரேடியோவுல வந்தா லோரியை ஓரம் கட்டிடுவேன், முதலாளி தவுக்கேகிட்ட எத்தனை ஏச்சு வாங்கியிருப்பேன்! போன மாசம் பாடினியே, அதுல உனக்கு மூச்சு வாங்குச்சு. உடம்புக்கு என்னடான்னு வந்து கேக்க நெனச்சேன். பாழாப்போன ரோஷம் விடலையே! என் மக கல்யாணத்துக்கு நீ வரலேன்னா என்னடா, உன் சாவுக்கு நான் வராம இருப்பேனா?”

எல்ஸிக்குக் கண் நிறைந்துவிட்டது. சாவு வீட்டில் வருகிறவர்கள் உட்கார வேண்டுமே என்று, கொட்டுகிற மழையில் ராத்திரியெல்லாம் எஸ்டேட் முழுக்க அலைந்து நாற்காலி சேர்த்து ஏற்றி வந்திருக்கிறார். இந்த மனுஷனையா பொறாமைக்காரன் என்றோம் என்று வெட்கமாக இருந்தது. கதவைத் திறக்க ஓடினாள்.

டொமினிக் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். முகமெல்லாம் கண்ணீர், உதட்டில் சிரிப்பு.

“கொஞ்சம் இரு எல்ஸி. டி.வி.யில ஒருத்தனும் என்னை இப்படிப் பாராட்டலை. இன்னும் நாலு வார்த்தை கேட்டுட்டுத் திறப்போம்.”