பொத்தான் இருக்கும் பக்கம்

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்துப் பழைய தெருக்களைப் பற்றி ஊர் வரலாற்று வட்டத்தில் அன்று மாலை பேசப்போவது தவராசா. அந்த வட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவர் தேத்தண்ணி கேட்பதுகூட விரிவுரை மாதிரித்தான் இருந்தது. அவருடைய கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி சுகந்தி, கணினித் திரையை எட்டிப் பார்த்தாள். அதில் இருந்த புகைப்படத்தில், நூற்றிருபது வருடத்துக்கு முந்தைய தெருவில் தொப்பி போட்ட ஆண்கள் ஏழு பேர் நின்றார்கள். தையல் கடை வைத்திருக்கும் அவளுடைய கண் நேரே அவர்களுடைய மார்புக்குத்தான் போயிற்று.

“இஞ்சேருங்கோ, ஏழு ஆம்பிளையளும் பொம்பிளைச் சட்டை போட்டிருக்கினம். ஆம்பிளையளுக்கு வலப்பக்கம் இருக்கவேண்டிய பொத்தான் எல்லாம் இடப்பக்கம். கண்ணாடி நெகட்டிவைப் புரட்டி வைச்சுப் பிரதி எடுத்திட்டியள். தெருவே இடம் வலம் மாறிப்போச்சு.”

“மூண்டு மாசம் ஆராய்ச்சி செய்தது நான். பேக்கரி தேவாலயத்துக்கு வலப்பக்கம் எண்டு கண்டுபிடிச்சதும் நான். காற்சட்டைக்குக் கரையடிக்கிற உமக்கு வரலாறும் தெரியுமோ?”

“தெரியாதுதான்” என்றாள் சுகந்தி. கோட்டை மாட்டிவிட்டு, பொத்தான்களையும் அவளே போட்டுவிட்டாள்.

மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். தவராசா கோலை நீட்டி பேக்கரியைக் காட்டி, இந்த ஊர்க்காரர்கள் இத்தனை காலமும் அதை இடப்பக்கம் என்று பிழையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தார். முன்வரிசைக் கிழவர் ஒருவர் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்லக் குனிந்து தன் கோட்டின் பொத்தான்களைத் தடவிப் பார்த்தார்.

பின்வரிசையில் இருந்த சுகந்தி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.