முதுகில் ஒரு வட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை குளித்துவிட்டு, இடுப்பில் துண்டோடு அலமாரியில் சட்டை தேடிக்கொண்டிருந்தான் ராஸ். தேநீர்க் கோப்பையோடு அந்தப் பக்கம் வந்த லினெட் அப்படியே நின்றுவிட்டாள்.

அவன் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, லேசில் அழியாத கறுப்பு மையில் ஒரு வட்டம். பொறுமையாக, அழகாகப் போட்ட வட்டம். நடுவில் ஒரு மச்சம்.

"யார் போட்டது இது?"

"எது?"

"முதுகுல வட்டம்."

திரும்பிப் பார்க்கப் போய் ராஸுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். "டோரின் வேலையா இருக்கும். சனிக்கிழமை கடல் நீச்சல் போட்டிக்கு எல்லார் கையிலயும் அவதானே நம்பர் எழுதறா. என் முதுகுலயும் ஏதோ கிறுக்குவா. நான் கண்டுக்கறதில்லை."

பால் பாக்கெட் வாங்கி வந்ததைச் சொல்வதுபோல் சொன்னான். லினெட் தேநீர்க் கோப்பையை டக்கென்று கீழே வைத்தாள்.

ரொட்டிக்கடை டோரின். புருஷனைப் புதைத்த ஈரம் காயவில்லை, ஊரிலுள்ள ஆம்பிளைகளை எல்லாம் 'கண்ணு, கண்ணு' என்று கூப்பிடுகிறவள். வெற்றுடம்போடு வரிசையில் நிற்கிறவர்களுக்கு நம்பர் எழுதும் வேலையை அவள் ஏன் வலியக் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று லினெட் எப்போதோ முடிவுகட்டி வைத்திருந்தாள்.

சரி, நம்பர் கையில் எழுதட்டும். முதுகில் இவளுக்கு என்ன வேலை? அதுவும் மச்சத்தைத் தேடிப் பிடித்து?

அந்த மச்சத்தை டாக்டர்கூடப் பார்த்ததில்லை. வெயில் தோலை உரிக்கிற ஊர். தோல் புற்றுநோய்க்குப் பயந்து, வண்டியை சர்வீஸுக்கு விடுகிற மாதிரி, வருஷா வருஷம் எல்லாரும் டாக்டரிடம் போய் உடம்பிலுள்ள மச்சங்களைக் காட்டிவிட்டு வருவார்கள். லினெட் ஒரு வருஷம் தவறியதில்லை. ராஸைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்து, "உன் உடம்பு, உன் பாடு" என்று கைகழுவிவிட்டாள். அவன் குறட்டை தாங்காமல் தனி அறையில் படுக்க ஆரம்பித்தும் வருஷக்கணக்காகிறது. இப்போது அதுவும் சேர்ந்து உறுத்தியது.

வண்டியை எடுத்தாள். இத்தனை வருஷக் குடித்தனத்துக்கு இதுதான் முடிவா?

ரொட்டிக்கடையில் ஈஸ்டர் பன் வாங்க வரிசை நின்றது. யாரையும் பார்க்காமல் நேரே முன்னால் போனாள்.

"என் புருஷன் முதுகுல உனக்கு என்ன வேலை?"

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. டோரின் மட்டும் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தாள்.

"பார்த்துட்டியா?" என்றாள். கண் கலங்கிவிட்டது. "அப்பாடா. பார்த்துட்டியா, கண்ணு."

மறுப்பாள், சண்டைக்கு வருவாள் என்று தயாராக வந்திருந்தாள் லினெட்.

"என் புருஷன் கிளைவுக்கும் இதே மாதிரி முதுகுலதான் மச்சம் இருந்துச்சு. அவனால பார்க்க முடியல. நான் பார்க்கல. டாக்டர் பார்த்தப்போ ஈரல் வரைக்கும் போயிருந்துச்சு."

ராஸிடம் சொன்னாளாம். அதெல்லாம் ஒண்ணும் ஆகாது என்று சிரித்தானாம். லினெட்டிடமே சொல்லிவிடலாம் என்று கிறிஸ்துமஸ் விருந்தில் கிட்டே வந்தாளாம். லினெட் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாளாம்.

லினெட்டுக்கு அது நன்றாகவே ஞாபகம் இருந்தது. கூசிப்போனாள்.

"நான் சொன்னா ரெண்டு பேருமே கேட்கப்போறதில்லை. பொண்டாட்டி கண்ணுல பட்டா டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போவான்னுதான் வட்டம் போட்டேன்," என்றாள் டோரின்.

லினெட் கல்லாப்பெட்டி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொள்வதுபோல் சொன்னாள்: "நாளைக்கே கூட்டிக்கிட்டுப் போறேன். நல்லவேளை. நேத்துப் போட்டே, இன்னிக்கே பார்த்துட்டேன்."

டோரின் இடுக்கியை எடுத்து, மறுபடி கீழே வைத்தாள்.

"நேத்து இல்லை, கண்ணு. கிறிஸ்துமஸ் விருந்துல நீ முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனியே, அன்னியிலேர்ந்து, சனிக்கிழமை தவறாமப் போட்டுக்கிட்டிருக்கேன். மச்சம் பெரிசாகப் பெரிசாக, வட்டத்தையும் பெரிசாப் போட வேண்டியிருந்துச்சு."