படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு சோபா

எதிர்வீட்டுப் படிக்கட்டின் திருப்பத்தில் சோபா சிக்கிக்கொண்டிருந்தது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

திறந்து கிடந்த வாசல்வழியே வெண்டலுக்கு அதன் பின்பாதி மட்டும் தெரிந்தது. காபிக் கோப்பையோடு ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டுப் பிள்ளைகள் முதலில் இழுத்தார்கள். பிறகு தள்ளினார்கள். பிறகு, எல்லோரும் செய்வதுபோல, இன்னும் பலமாகத் தள்ளினார்கள்.

ஜூன் முதல் தேதி. பர்லிங்டனில் கல்லூரிப் பிள்ளைகள் பாதிப் பேர் வீடு மாறும் நாள். தெருவெங்கும் வாடகை லாரிகள். நடைபாதையில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி விளக்குகள், மேசைகள், ஒரு கால் இழந்த நாற்காலிகள்.

வெண்டலுக்கும் அவர் மனைவி லோர்னாவுக்கும் இடையே இருந்த கெடுவும் இந்த ஜூன்தான். "ஒரு குளிர்காலம் இருந்து பாரு. ஒட்டலைன்னா நெப்ராஸ்காவுக்கே திரும்பிடலாம்" என்று சொல்லித்தான் லோர்னா கல்லூரி நூலக வேலையில் சேர்ந்தாள்.

அவளுக்கு ஊர் ஒட்டிவிட்டது. செங்கல் பதித்த தெரு, ஏரி, நூலகத்தின் மர வாசனை எல்லாமே. அவருக்கு ஒட்டவில்லை.

நெப்ராஸ்காவில் வயலுக்கு நீர் பாய்ச்சும் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர் வெண்டல். அங்கே எது நின்றுபோனாலும் முதலில் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். இங்கே யாரும் எதற்கும் அவரைக் கூப்பிடவில்லை. லாரியிலிருந்து இறங்கிய கருவிப்பெட்டி, சுற்றிய டேப்பைக்கூடப் பிரிக்காமல் நிலவறையில் கிடந்தது.

"உனக்குத்தான் தெரியுமே, போய்ச் சொல்லேன்" என்றாள் லோர்னா.

"கூப்பிட்டாங்களா என்னை?"

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பெண் தெருவைக் கடந்து வந்து கதவைத் தட்டினாள். பெயர் பெக்கா. முகமெல்லாம் வியர்வை.

"சார், ஒரு ஸ்க்ரூடிரைவர் கிடைக்குமா? எந்த அளவுன்னு கேட்டுடாதீங்க, சத்தியமா தெரியாது."

வெண்டல் நிலவறைக்கு இறங்கினார். டேப் பிரியும் சத்தம் மேலே கேட்டது. லோர்னா அடுப்பைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தாள்.

பெட்டியோடு போய்ச் சோபாவைச் சுற்றிப் பார்த்தார். உள்ளே கட்டில் மடங்கியிருக்கும் வகை, யானைக்கனம். அந்தக் கட்டில் பிதுங்கி வெளியே வராதபடி கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். இது பலருக்குத் தோன்றாது. படுக்கவைத்துத் தூக்கினால் அது வெளியே வராது, நிமிர்த்தினால்தான் வரும்.

புத்திசாலிப் பிள்ளைகள், என்று நினைத்துக்கொண்டார். இவர்கள் எப்படி இங்கே மாட்டிக்கொண்டார்கள்?

"மொதல்ல கால் நாலையும் கழட்டுவோம். பாருங்க, நீளத்தைக் குறைக்க முடியாது. ஆனா நீளத்தை எந்தப் பக்கம் வைக்கிறதுங்கிறது நம்ம கையில இருக்கு."

சோபாவைப் பக்கவாட்டில் பார்த்தால் 'ட' மாதிரி இருக்கும். முதுகு ஒரு கோடு, இருக்கை ஒரு கோடு, நடுவில் வெற்றிடம். எல்லோரும் அந்த இரண்டு கோடுகளோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். வெற்றிடத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

சோபாவைக் கைப்பிடியின் மேல் செங்குத்தாக நிறுத்தச் சொன்னார். அந்த வெற்றிடம் படிக்கட்டின் திருப்பத்துத் தூணைப் பார்க்கும்படி திருப்பினார். தூண் 'ட'வின் மடியில் போய் உட்கார்ந்தது. பிறகு, தூணைச் சுற்றிச் சோபா தானாக நடப்பதுபோல வளைந்து மேலே போனது.

"அட!" என்றான் பெக்காவின் தோழன் ஜோனா. சற்று உரக்கவே சொன்னான்.

அந்த 'அட' தெருவுக்குக் கேட்டுவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல்: "ஹலோ, அந்த சோபாக்காரரு இன்னும் அங்கதான் இருக்காரா? எங்க வீட்ல ஒரு அலமாரி மாட்டிக்கிச்சு!"

"வர்றேன், வர்றேன். தள்ளாம இருங்க, அது போதும்!" என்று வெண்டல் ஜன்னல்வழியே கத்தினார். இந்த ஊரில் அவர் குரல் உயர்ந்தது இதுவே முதல் தடவை.

சோபாவுக்குக் கால்களைப் பூட்டினார். பூட்டிவிட்டு அறையைப் பார்த்தார்.

புதுக் கம்பளம். வீட்டுக்காரர் நேற்றுதான் விரித்திருந்தார், ஓரத்தில் பிளாஸ்டிக் உறைகூட முழுதாகக் கிழியவில்லை. ஜன்னலுக்கு எதிரே, அந்தப் புதுக் கம்பளத்தில் நான்கு குழிகள். கனமான எதுவோ அங்கே அழுந்த நின்றிருந்த தடம்.

வெண்டல் சோபாவின் ஒரு முனையைப் பிடித்தார். ஜோனா அவசரமாக, "இந்தப் பக்கம் போடலாம்னு இருக்கோம், சார்" என்று வேறு சுவரைக் காட்டினான்.

"இங்க போட்டாத்தான் வெளிச்சம் நல்லா வரும்" என்றார் வெண்டல்.

சோபாவின் நான்கு கால்களும் நான்கு குழிகளில் அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தன.

பெக்கா கூரையைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால், சமையல் மேடையில், ஆப்பிள் பை பலகாரம் சுடும் நீல ஓரத் தட்டு ஒன்று காலியாகக் கழுவிக் கவிழ்த்திருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருந்தது. நெப்ராஸ்காவில் அதைக் கீழே போட்டு அந்தச் சில்லைப் பெயர்த்தவர் வெண்டலேதான்.

அலமாரியை ஏற்றி, அதற்கடுத்த வீட்டில் ஒரு கட்டிலை இறக்கி, யாரோ கையில் திணித்த மேப்பிள் ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு அவர் வீடு திரும்பியபோது வெயில் ஏரிப்பக்கம் சாய்ந்திருந்தது. லோர்னா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, சோபா ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு" என்றார் வெண்டல். "ரெண்டாவது தடவையும்."

லோர்னா ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு ஐஸ்கிரீமைப் பிடுங்கிக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள்.

அவர் உட்காரவில்லை. முதலில் உள்ளே போய், கையிலிருந்த கருவிப்பெட்டியை நிலவறைக்கு இறக்காமல், யாராவது தட்டினால் உடனே எடுக்க வசதியாக, வாசல் கதவுக்குப் பின்னால் வைத்தார்.