ஆயிரம் டிகிரிப் பூச்சு

பாறையும் சேறும் பாராமல் ஏறும் ஜீப்பின் சிலிண்டர்களுக்கு எந்தப் பூச்சு என்று கேட்டபோது, சேர்மன் சென்னியப்பன் விலை கூடியதைத் தொட்டுக்காட்டினார். ‘ஆயிரம் டிகிரிக்கும் அசையாது’ என்று தன் படத்தோடு விளம்பரமும் கொடுத்துவிட்டார். அதை வாங்கும் ஆர்டரில் கையெழுத்தை மட்டும் பெயிண்ட் பிரிவு மேலாளர் பூவராகன் போட்டிருந்தார்.

சோதனை ஓட்டம் முடிந்து வந்த இன்ஜின்மேல் தண்ணீரைப் பீய்ச்சியதும் பூச்சு அப்பளம் அப்பளமாக உதிர்ந்தது. அடியில் குங்குமப் பொட்டுகள் மட்டும் மங்காமல் இருந்தன. பூஜையில் வைத்த பொட்டைத் துடைக்க யாருக்கும் துணிச்சல் வராமல் அதன்மேலேயே பூச்சை அடித்திருந்தார்கள்.

“இன்னிக்கோட நீ கெளம்பலாம்” என்று பூவராகனிடம் சொல்லிவிட்டு, சேர்மன் குனிந்து ஒரு பொட்டை நகத்தால் சுரண்டினார். வரவில்லை. கார்ச் சாவியால் சுரண்டினார். சாவிதான் தேய்ந்தது.

“எந்தக் கம்பெனிப்பா இது?”

“கம்பெனியெல்லாம் இல்லீங்க. சந்தைல வாங்குன பொட்டலமுங்க.”

சேர்மன் யோசித்தார். “அப்ப இதையே எல்லாத்துக்கும் அடி. பேரை மட்டும் இங்கிலீசுல வெச்சுக்கலாம். நீயே பாத்துக்க.”

பூவராகனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் வாயும் திறந்துகொண்டது.

“தெனமும் காலைல ரிசப்ஷன்ல உங்களுக்கு வெச்சு விடறதும் இதே பொட்டலந்தானுங்க!”

சேர்மன் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். முதலில் மெதுவாகத்தான் துடைத்தார்.